தண்ணீரென்றால் சக்கரம் மேலே

ஏப்ரல் 28, ஞாயிறு

பனி முழுதாகக் கரைந்துவிட்டது. குளிர்காலம் முழுக்கக் கொட்டகைக்குள் கிடந்த நீர்க்காகத்தை இன்று வெளியே உருட்டிவந்து வெயிலில் நிறுத்தினேன். உருட்ட உதவிக்கு மச்சான் குணநாயகம் வந்தான். என் மனைவி தவமணியின் தம்பி. உதவியைவிடக் கதைதான் அதிகம்.

"அத்தான், பிளேனுக்கு ஆராவது காகம் எண்டு பேர் வைப்பினமே? அதுவும் நீர்க்காகம். அது தண்ணிக்குள்ள முக்குளிக்கிற சாமான் எல்லோ."

"முக்குளிச்சாலும் வாயில மீனோடதான் வெளியில வரும்," என்றேன். வாயை மூடினான்.

நீர்க்காகம் இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம். வயிறு படகு மாதிரி. பக்கத்துக்கு ஒரு சக்கரம். கைத்தடியை இழுத்தால் சக்கரங்கள் மேலே மடங்கும், தள்ளினால் கீழே இறங்கும். அதனால் புல் ஓடுபாதையிலும் இறங்கலாம், ஏரியிலும் இறங்கலாம். கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் கராஜில் ஒவ்வொரு குழாயாக நானே வெட்டி, நானே வெல்டிங் செய்து கட்டினேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. விமானம் பற்றி ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. புத்தகம் பார்த்து, அகராதி பார்த்து, பிழையாய்ப் போன குழாயை எறிந்து மறுபடி செய்து கற்றேன். அரசாங்கப் பரிசோதகர் தட்டிப் பார்த்து, குனிந்து பார்த்து, கடைசியில் தலையாட்டி, கை கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் ஊர்ச் சங்கம் மட்டும் இன்றுவரை ஒரு சொல் சொல்லவில்லை. போன ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தியது இடியப்பக் கடை திறந்த ஒருவருக்கு. இடியப்பம் பிழிவதை நான் குறை சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

யூன் பதினாறாம் திகதி விமானத் திடலில் பூசை வைத்து, தவமணியை முதல் பயணியாக ஏற்றி, ஏரியில் இறக்கப் போகிறேன். கோயில் ஆட்கள் எல்லாரையும் கூப்பிடுவேன். சிரித்தவர்களை முதலில் கூப்பிடுவேன்.

மே 4, சனி

விமானக் கிளப் கூட்டம். தலைவர் கிளென் புது விதி கொண்டுவந்தான். எனக்குத் தண்ணீரில் இறங்கப் பழக்கியவன் அவன்தான், அதை நான் மறுக்கவில்லை. விதி இதுதான்: தண்ணீரில் இறங்கும் விமானத்தில் வேறொருவரை ஏற்றிச் செல்பவர், கவிழ்ந்த விமானத்திலிருந்து நீருக்கடியில் வெளியேறும் வகுப்பை முடித்திருக்க வேண்டும். நகரத்து நீச்சல் குளத்தில் வியாழன்தோறும் மாலை நடக்கிறதாம்.

கிளென் பேசுவது ஆங்கிலம். நான் என் தமிழில் எழுதுகிறேன்.

"போன வருசம் வடக்கால ஒரு புருசன் பெண்சாதி செத்துப்போச்சினம், தெரியும்தானே அருள்? உடம்பில ஒரு கீறல் இல்லை. கதவும் நல்லாத் திறக்குது. கவிண்ட பிளேனுக்குள்ள கதவு எந்தப் பக்கம் எண்டு பிடிபடேல்லை. அவ்வளவுதான்."

"நான் பருத்தித்துறையில பிறந்தவன். நடக்கிறதுக்கு முதல் நீந்தினவன்."

"அந்த மனிசனும் நல்லா நீந்துவார்."

பிறகு இன்னொன்றையும் தொடக்கினான். இறங்கும்போது சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும் பெட்டி ஒன்று இருக்கிறதாம், அதைப் பூட்டச் சொல்கிறான். என் விமானத்தில் என்ன இருக்கிறதென்று எனக்கு ஒரு பெட்டி சொல்ல வேண்டுமா? இடது இறக்கைக்குக் கீழே ஒரு பழைய வான் வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பொருத்தியிருக்கிறேன். இருக்கையில் இருந்தபடியே பார்த்தால் சக்கரம் இறங்கியிருந்தால் தெரியும், மடங்கியிருந்தால் தெரியாது. கண் இருக்கிறவனுக்கு அது போதும்.

தண்ணீரென்றால் சக்கரம் மேலே, தரையென்றால் கீழே. இந்த விமானத்தின் வேதம் இவ்வளவுதான். தரையில் சக்கரம் இல்லாமல் இறங்கினால் வயிறு தேயும், வெட்கத்தோடு போய்விடும். தண்ணீரில் சக்கரத்தோடு இறங்கினால், சக்கரம் தண்ணீரில் கொளுவி, விமானம் மூக்குக் குத்தித் தலைகீழாகும். இது எனக்குத் தெரியாதா?

விதி யூலை முதலாம் திகதியிலிருந்துதான். நான் பறப்பது யூனில். கிளெனுக்கு அதை நினைவூட்டினேன். தலையைச் சொறிந்தான்.

மே 9, வியாழன்

குசினிக் குழாய் ஒழுக்குத் திருத்தினேன். தவமணி கோயிலில் வியாழன் பசனை என்று புறப்பட்டுவிட்டாள். மகள் சுபோதினி வந்து ஏற்றிக்கொண்டு போனாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து தவமணி ஒரு பாட்டை முழுதாகப் பாடி நான் கேட்டதில்லை. இந்த வயதில் என்ன பசனை என்று கேட்டேன். "வயசு போனாப் பிறகுதானே பசனை," என்றாள்.

மே 16, வியாழன்

பசனையால் வந்தபோது தவமணியின் தலை ஈரம். கண் சிவப்பு.

"மழையும் இல்லையே?"

"முழுகிப்போட்டுப் போனனான். காயேல்லை."

"வியாழக்கிழமை ஆர் முழுகிறது? கண் ஏன் சிவந்திருக்கு?"

"கற்பூரப் புகை. இஞ்சருங்கோ, சோறு போடட்டோ, விசாரணை முடியட்டோ?"

கோயிலில் கற்பூரத்தின் தரம் குறைந்துவிட்டது. ஐயரிடம் சொல்ல வேண்டும். அவளுடைய உடுப்பிலும் ஒரு மருந்து வாடை.

மே 20, திங்கள்

விடுமுறை நாள். காற்றுத் தென்மேற்கில் மெல்லியதாக இருந்தது. தனியாக ஏரிக்குப் போய் இறங்கி எழும்பி, மறுபடி இறங்கினேன். ஒவ்வொரு முறையும் கைத்தடியை இழுத்தேன், கண்ணாடியைப் பார்த்தேன், "தண்ணீர், சக்கரம் மேலே" என்று வாய்விட்டுச் சொன்னேன். முன்னால் தண்ணீர் விரிந்து வருகிறது. வயிற்றுக்குக் கீழே முதலில் ஒரு சீறல், பிறகு படபடவென்று தட்டல், பிறகு விமானம் படகாகிவிடுகிறது. அந்த மாறும் கணத்துக்காகத்தான் இத்தனை வருடமும் குளிரில் கராஜுக்குள் நின்றேன். கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் எழும்பி நின்று தொப்பியைக் கழற்றினார். தமிழர் ஒருவரும் அவ்விடத்தில் இல்லை.

மே 30, வியாழன்

பசனைக்குப் போகுமுன் தவமணி தன்னைக் கொட்டகைக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். விமானத்தில் தன் பக்க இருக்கையில் ஏறி, பட்டியைப் பூட்டி, கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். கும்பிடுகிறாள் என்று நினைத்து நானும் பேசாமல் நின்றேன். பார்த்தால், கண்ணை மூடியபடியே வலக்கையால் முழங்காலைத் தொட்டு, அதிலிருந்து கதவுச் சட்டத்தைத் தொட்டு, கதவுப் பிடியைத் தடவுகிறாள். மறுபடியும் முதலிலிருந்து.

"என்ன செய்யிறீர்?"

"கதவு எங்கை எண்டு பாக்கிறன்."

"கண்ணைத் திறந்தால் தெரியுமே."

"திறந்தாலும் தெரியாத நேரம் ஒண்டு வந்தால்?"

இது கிளென் எங்கேயோ இவள் காதில் போட்ட கதை. சுன்னாகத்துக்காரி. கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் பார்த்து வளராதவள். இங்கே வந்தும் பிள்ளைகளின் நீச்சல் குளத்துக்குள் ஒரு நாளும் கால் நனைத்ததில்லை. பயப்படுவது இயல்பு. ஆனால் அதற்குப் பிறகு சொன்னதுதான் பிடிக்கவில்லை.

"நீங்கள் அந்த வகுப்புக்கு ஒருக்காப் போனால் என்னப்பா?"

"நான் ஓடுறதில நம்பிக்கை இல்லையெண்டால் ஏறவேண்டாம்."

"ஏறமாட்டன் எண்டு நான் சொல்லேல்லையே," என்று பட்டியைக் கழற்றி இறங்கினாள். வீடு வரும்வரை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமலிருப்பதில் என்னை ஒருவரும் வென்றதில்லை.

யூன் 8, சனி

ஐயர் வருவதாகச் சொல்லிவிட்டார். சங்கத்துத் தலைவரும் செயலாளரும் வருகிறார்கள். தேசிக்காய் வாங்கியாயிற்று. தவமணிக்குக் கூறைச்சேலை உடுத்தச் சொன்னேன். சேலையோடு விமானத்தில் ஏறமாட்டாளாம், காற்சட்டைதான் போடுவாளாம். முழுச் சங்கமும் படம் எடுக்கப்போகிற நாளில் காற்சட்டை. சுபோதினியும் தாய்ப் பக்கம். "சேலை சிக்கும் அப்பா," என்கிறாள். எதில் சிக்கும் என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

யூன் 16, ஞாயிறு

காரில் இருந்து எழுதுகிறேன். காற்றுக் கொஞ்சம் அடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வந்திருக்கிற சனத்துக்கு நாற்காலி போதவில்லை. நீர்க்காகத்தின் மூக்கில் செவ்வந்தி மாலை. ஐயர் சுற்றிவந்து முன் கண்ணாடி, இறக்கை, கைத்தடி எல்லாவற்றிலும் திருநீறு, சந்தனம், குங்குமம் வைத்தார். இறக்கைக்குக் கீழே இருந்த கண்ணாடியில் நானே பூசினேன். திருநீற்றால் மூன்று குறி இழுத்து, நடுவில் சந்தனத்தை நல்ல வட்டமாக அப்பி, குங்குமம் வைத்தேன். புதுக் காருக்கு எப்படிச் செய்வோமோ அப்படி. சக்கரங்களுக்கு முன்னால் தேசிக்காய் வைத்தாயிற்று. செயலாளர் விமானத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உண்மையா நீங்களே செய்ததோ?" என்று கேட்டார். "இல்லை, கடையில வாங்கினது," என்றேன்.

கிளென் ஈரத்துணியோடு வந்தான். மாலையைக் கழற்றச் சொன்னான், அது சரி, காற்றில் பறந்து பின்னால் சுழல்விசிறிக்குள் போகும். கழற்றினேன். முன் கண்ணாடியைத் துடைத்தான், அதற்கும் விட்டேன். பிறகு இறக்கைக்குக் கீழே போனான்.

"அதை விடு," என்றேன்.

"அருள், இதுக்குள்ளால ஒண்டும் தெரியாதே."

"சாமிக்குப் பூசினதை இவ்வளவு சனத்துக்கு முன்னால நீ துடைக்கிறதோ? ஓரத்தால தெரியும். விடு."

தவமணியைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். துணியை மடித்துக்கொண்டு, மீட்புப் படகோடு காத்து நிற்க ஏரிக்குப் போய்விட்டான்.

காற்று விழுந்துவிட்டது. தவமணி கை காட்டுகிறாள். போகிறேன்.

யூன் 17, திங்கள்

இருவரும் உயிரோடு இருக்கிறோம். ஆஸ்பத்திரி. எழுதக் கை வரவில்லை.

யூன் 19, புதன்

வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். எனக்கு விலா எலும்பில் கண்டல் காயம், மூக்கில் தையல். தவமணிக்குத் தோளில் பட்டி இறுக்கிய கறுப்பு அடையாளம். வேறொன்றும் இல்லை.

நடந்ததை எழுதுகிறேன். வேறு ஆட்கள் வேறு மாதிரிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

தேசிக்காய்களை நசித்துக்கொண்டு புல்லில் ஓடி அழகாக எழும்பினோம். கீழே எல்லாரும் கை தட்டுவது தெரிந்தது. "அங்கை பாருங்கோ, குணம் நாற்காலிக்கு மேல ஏறி நிக்கிறான்," என்று தவமணி சிரித்தாள். தாழ்வாகத் திரும்பி அவர்களுக்கு மேலாக இறக்கையை ஆட்டிக்கொண்டு சுற்றினேன். மறுபடியும் சுற்றினேன். சங்கத் தலைவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். அதைப் பார்த்துவிட்டு ஏரிக்குத் திரும்பினேன்.

எழும்பியவுடன் கைத்தடியை இழுப்பது என் வழக்கம். வழக்கம் என்றால் வழக்கம்தான்.

ஏரியை நெருங்கியபோது கண்ணாடியைப் பார்த்தேன். சக்கரம் தெரியவில்லை. விமானத்தைத் தண்ணீரில் இறக்கினேன். தவமணி கதவுப் பிடியைத் தூக்கி, கதவைச் சற்றே திறந்து, சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். "என்ன பயம், கையை எடும்," என்று சொன்னேன். எடுக்கவில்லை.

பிறகு ஏரி எங்களைப் பிடித்து இழுத்தது. வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. முகத்தில் பச்சைத் தண்ணீர். மூக்குக்குள் குளிர். எந்த மனிதனும் செய்வதைச் செய்தேன், உடனே பட்டியைக் கழற்றினேன். கழற்றியதும் எங்கேயோ விழுந்தேன். எது மேல் என்று தெரியவில்லை. கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை. கையில் அகப்பட்டது கால் மிதி. அது என் தலைக்கு மேலே இருந்தது. நான் நீந்தத் தெரிந்தவன். நீந்துவதற்கு எந்தத் திசையும் இல்லை.

அப்போது சட்டைக் கொலரில் ஒரு கை பிடித்தது. கிளெனின் மீட்புப் படகு ஆள் என்று நினைத்தேன். வெளியே வந்து மூச்சு எடுத்தபோது படகு தூரத்தில்தான் வந்துகொண்டிருந்தது. தவமணி கவிழ்ந்த விமானத்தின் வயிற்றில் ஒரு கையை ஊன்றி, மற்றக் கையால் என் கொலரைப் பிடித்திருந்தாள். படகில் ஏற்றிய பிறகும் அவள் விரலை கிளென்தான் ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

தண்ணீருக்கடியில் மரக்கட்டை ஏதோ இருந்திருக்க வேண்டும். வசந்தத்தில் ஏரிக்குள் மரங்கள் அடித்து வருவது வழக்கம்.

யூன் 22, சனி

கிளென் நீர்க்காகத்தைக் கரையில் ஏற்றிவிட்டான். குணநாயகம் என்னைக் கூட்டிப் போனான். இறக்கை நுனி உடைந்திருக்கிறது. முன் கண்ணாடி போய்விட்டது. ஆனால் வயிற்றில் ஒரு வெடிப்பு இல்லை. நான் வெல்டிங் செய்த இடங்களைக் கையால் தடவிப் பார்த்தேன், ஒன்றுகூட விடவில்லை. தலைகீழாக அடிபட்ட விமானம். இதை ஒருவரும் சொல்லவில்லை, நான் எழுதுகிறேன்.

சக்கரங்கள் இரண்டும் கீழே நின்றன.

"கட்டி இழுக்கேக்கை இறங்கியிருக்கும்," என்றேன்.

கிளென் உள்ளே கை காட்டினான். கைத்தடி கீழ் நிலையில் பூட்டிக் கிடந்தது.

குணநாயகம் கனைத்தான். "அத்தான், மரக்கட்டை எண்டு சனத்துக்குச் சொல்லிட்டன். மாத்திச் சொல்லவோ, அப்பிடியே விடவோ?"

"நீ ஒண்டும் சொல்லாதை. ஒருக்காலாவது."

இறக்கைக்குக் கீழே இருந்த கண்ணாடி உடையவில்லை. ஏரி அதை நன்றாகக் கழுவி வைத்திருந்தது. அதில் இரண்டு சக்கரமும் துலக்கமாகத் தெரிந்தன.

யூன் 27, வியாழன்

மாலை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பூங்கொத்தோடு வந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும், கட்டையாக வெட்டிய நரைத்த முடி. பெயர் லின். வாசலிலேயே தவமணியைக் கட்டிப்பிடித்து, "தவா, தவா," என்று அழுதாள். கோயில் பசனைக்கு வெள்ளைக்காரியும் வருகிறாளா என்று நினைத்தேன்.

கிளப்பின் தண்ணீர் வகுப்பு நடத்துவது இந்த லின்தான்.

தேநீர் குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் எனக்கு விளக்கினாள், எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்து. பிளாஸ்ரிக் குழாயில் செய்த கூடு, அதற்குள் கதிரை. ஆளை அதில் இருத்திப் பட்டி பூட்டி, கண்ணைக் கட்டி, குளத்துக்குள் தலைகீழாகக் கவிழ்ப்பார்களாம். கதவுச் சட்டத்தைப் பிடித்த கையை விடக்கூடாது. தண்ணீர் அசைவு நிற்கும்வரை பொறுக்க வேண்டும். கதவைத் திறந்த பிறகுதான் பட்டியைக் கழற்றலாம், ஏனென்றால் கையும் பட்டியும்தான் எது எங்கே என்று சொல்லும். முதலில் கழற்றியவன் மிதப்பான், மிதக்கிறவனுக்குத் திசை கிடையாது.

"முதல் நாள் தவா குளத்துப் படியில இறங்கவே அழுதா," என்றாள் லின். "அடுத்த கிழமை முகத்தை வைச்சா. மூண்டாம் கிழமை கதிரையில இருந்தா. பிறகு நான் போதும் எண்டாலும் இறங்கமாட்டா, இன்னொருக்கா கவிழ்க்கச் சொல்லுவா."

அவள் போன பிறகு கேட்டேன். "பசனையோ?"

"ஓம்."

"சுபோதினிக்குத் தெரியும்?"

"அவள்தானே ஏத்திக்கொண்டு போனவள்."

"குணத்துக்கு?"

"அவன்தான் நீச்சல் உடுப்பு வாங்கித் தந்தவன். பெரிசா வாங்கிட்டான், மடையன்."

"என்னட்டைச் சொல்லேல்லை. என்ரை வீட்டில, எனக்கு மட்டும்."

தவமணி கோப்பைகளை எடுத்து அடுக்கினாள். பிறகு நின்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "நீங்கள் போகமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் கூப்பிட்டால் நான் ஏறாமல் இருக்கமாட்டன் எண்டும் தெரியும். அப்ப ரெண்டு பேரில ஒராளாவது படிக்கத்தானே வேணும்."

 

யூலை 1, திங்கள்

நாட்டின் பிறந்தநாள். விடுமுறை. புல் வெட்டினேன். விலா நோகிறது. சங்கச் செயலாளர் தொலைபேசியில் சுகம் விசாரித்தார். "எல்லாம் சாமியின்ர அருள்," என்றார். வைத்துவிட்டேன்.

யூலை 4, வியாழன்

தவமணி இன்று ஒளிக்காமல் துவாயையும் நீச்சல் உடுப்பையும் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். இவ்வளவுக்குப் பிறகும் என்ன வகுப்பு என்று கேட்டேன். லின்னுக்குப் புது ஆட்களைக் கவிழ்க்க உதவிக்கு ஆள் வேண்டுமாம்.

"இனி என்னோட ஏறுவீரோ?"

"ஏறுவன். முதல்ல நீங்கள் அந்தக் கதிரையில ஏறுங்கோ."

"ஏறாட்டி?"

"நீங்களும் நீர்க்காகமும் தனியப் பறவுங்கோ. நான் கரையில இருந்து கை காட்டுறன்." செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சோறு வடித்தேன். சாப்பிட மனம் வரவில்லை. இதை எழுதுகிறேன்.

ஏரிக்கு மேல் கண்ணாடியைப் பார்த்தபோது நான் கண்டது சந்தனம். காய்ந்த, நல்ல வட்டமான சந்தனம். நான் பூசியது. ஓரத்தால் ஒரு துண்டு வானம் தெரிந்தது. சக்கரம் தெரியவில்லை. தெரியாதது மேலே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்குக் கண்ணாடிக்குள் வேறு எதுவுமே தெரிந்திருக்காது. ஏரி இருந்ததா என்றுகூட அது சொல்லியிருக்காது.

ஐயர் பிழையில்லை. காருக்கு அப்படித்தான் பூசுகிறோம், கார் தண்ணீரில் இறங்குவதில்லை. மரக்கட்டை ஒன்றும் இருக்கவில்லை.

கிளெனுக்குப் போன் எடுத்தேன். "அந்தக் கதைக்கிற பெட்டி ஒண்டு எடுத்துத் தா," என்றேன்.

"ஏன் அருள், திடீரெண்டு?"

"ஏன் எண்டு கேட்டால் வேண்டாம்."

கேட்கவில்லை. நல்ல மனிதன்.

யூலை 11, வியாழன்

குளம் பெரிய கட்டடத்துக்குள் இருக்கிறது. பருத்தித்துறைக் கடலோடு ஒப்பிட்டால் அண்டா. வகுப்பில் ஐந்தாறு பேர், எல்லாரும் என் மகளின் வயதுக்கும் கீழே. நான் வந்தது இந்தப் பெண்மணி சரியாகத்தான் படிப்பிக்கிறாளா என்று பார்க்க. அப்படித்தான் சுபோதினிக்கும் சொன்னேன். அவள் காருக்குள் இருந்து சிரித்தாள்.

என் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, மெல்லமாய்க் கவிழ்ப்பதாக லின் சொன்னாள். தேவையில்லை என்றேன்.

கதிரையில் இருந்தேன். பட்டி பூட்டினார்கள், கண்ணைக் கட்டினார்கள். இடக்கையால் சட்டத்தைப் பிடித்தேன். கூடு சுழன்றது. மூக்குக்குள் தண்ணீர் ஏறியதுதான் தாமதம், எனக்குக் குளமும் வகுப்பும் போய்விட்டது. ஏரி வந்துவிட்டது. கை சட்டத்தை விட்டுப் பட்டியைக் கழற்றியது. நான் கழற்றவில்லை, கைதான் கழற்றியது. பிறகு மறுபடி அதே இடம், மேலும் இல்லை, கீழும் இல்லை. என்னை இழுத்து மேலே கொண்டுவந்தார்கள். இருமி முடித்தபோது கூட்டின் மற்றப் பக்கத்தில் நீச்சல் உடுப்போடு, தலைக்கு ரப்பர்த் தொப்பியோடு தவமணி நின்றாள். உடுப்பு உண்மையாகவே பெரிசு. என்னைக் கவிழ்த்தது அவள்தான்.

"பெல்ற்றை முதல்ல கழட்டினியள்."

"இல்லை."

"நான் தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்து பாத்துக்கொண்டு நிண்டனான். இன்னொருக்கா இருங்கோ."

இருந்தேன். கவிழ்த்தாள். அந்த முறையும் சரிவரவில்லை. ஒரு இளம் பையன், முதல் முறையிலேயே சரியாக வந்தவன், எனக்குத் தைரியம் சொல்ல வந்தான். அவனைப் போகச் சொன்னேன். தவமணி பட்டியை இறுக்கினாள். "கையை விடாதேங்கோ. தண்ணி அலைஞ்சு அடங்கட்டும். ஆறுதலா. நான் பக்கத்தில நிக்கிறன்," என்று காதுக்குள் சொன்னாள். திரும்பவும் கவிழ்த்தாள். தண்ணீர் அலைந்தது. பொறுத்தேன். அலைவது நின்றது. கை சட்டத்தில் இருந்தது. சட்டத்திலிருந்து பிடி, பிடியிலிருந்து கதவு. கதவு போனது. பட்டியைக் கழற்றினேன். கை போன வழியால் நானும் போனேன்.

வெளியே வந்தபோது தவமணி என்னைப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். நான் செய்த குழாய் வேலையைப் பரிசோதகர் பார்த்துத் தலையாட்டினாரே, அதைவிட இது கடினமான தலை.

வகுப்பு முடிவில் எல்லாரையும் குளத்து ஓரத்தில் இருத்தி லின் பேசினாள். "இஞ்ச நாங்கள் எல்லாரும் விளையாட்டுத்தான் செய்தனாங்கள். இந்தக் குளத்துக்குள்ள இப்ப ஒரேயொரு ஆள்தான் உண்மையா, ஏரிக்குள்ள, கவிண்ட பிளேனுக்குள்ள இருந்து வெளியில வந்தது. தனிய வரேல்லை, இன்னொராளையும் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தது."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. விமானி வயது, விமானி முகம், மூக்கில் தழும்பு. ஒரு பெண் கை தட்டக்கூடத் தொடங்கிவிட்டாள்.

நான் தவமணியைக் காட்டினேன்.

குளத்துக்குள் நின்று கூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவள் வெட்கத்தில் கழுத்துவரை தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். அந்த இளம் பையன் வாயைத் திறந்து அவளைப் பார்த்தான், பிறகு லின்னைப் பார்த்தான்.

"அப்ப அவ இழுத்துக்கொண்டு வந்த ஆள் ஆர்?"

லின் என்னைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

நான் கையை உயர்த்தினேன். விலா இழுத்தது. கடைசியில் இருப்பவர்களுக்கும் தெரியும்படி நன்றாக உயர்த்தினேன்.